ஃபோக்கா கேமரா: நட்சத்திரத்தை எண்ணி வாங்கலாமா?

கேள்வி: பிரான்ஸில் தயாரான ஃபோக்கா என்ற 35 மி.மீ. ரேஞ்ச்ஃபைண்டர் (இரு பிம்பத்தைப் பொருத்தித் தூரம் அளக்கும்) கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் பொறித்திருக்கிறது. விற்பவர் "பிரெஞ்சு லைக்கா" என்கிறார். இது ஜெர்மனியின் பேர்பெற்ற லைக்கா கேமராவின் நகலா? லைக்கா லென்ஸ் மாட்டலாமா? இன்றைக்கு ஃபிலிம் போட்டு எடுக்க முடியுமா?

பதில்:

நகல் இல்லை. லைக்கா லென்ஸ் மாட்டாது. எடுக்க முடியுமா என்பதை நட்சத்திரம் சொல்லாது, ஷட்டர் துணிதான் சொல்லும். அதை எப்படிச் சோதிப்பது என்று கீழே விவரமாக எழுதுகிறேன். அதற்கு முன் இந்தக் கேமரா எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இதன் நல்லதும் கெட்டதும் அதிலேயே இருக்கின்றன.

ஃபோக்காவைச் செய்த நிறுவனம் ஓ.பி.எல். (லெவல்வா ஒளியியல், துல்லியக் கருவி நிறுவனம் என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்). பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரே ஊரில், குய்ஷ் பிரபுவான அர்மான் டி கிராமோன் நிறுவியது. கேமரா அதன் தொழிலே இல்லை. கடற்படைக்கும் பீரங்கிப் படைக்கும் தூரமானிகளும் குறிபார்க்கும் கருவிகளும் செய்துகொண்டிருந்த இடம் அது. 1930களின் இறுதியில் 35 மி.மீ. கேமரா ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அதற்குள் போரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பும் வந்துவிட்டதால், 1946 வாக்கில்தான் கேமரா கடைக்கு வந்தது. உற்பத்தி நடந்தது பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ஷாத்தோதன் தொழிற்சாலையில்.

அந்த நேரத்தில் ஜெர்மன் காப்புரிமைகளுக்கு நேச நாடுகளில் மதிப்பில்லை. லைக்காவை அச்சு அசலாக எடுத்துச் செய்ய யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ரீட் அப்படித்தான் செய்தது. சோவியத் யூனியனில் ஃபெட் போருக்கு முன்பே செய்துகொண்டிருந்தது. ஓ.பி.எல். அந்த வழியில் போகவில்லை. லைக்காவில் அடித்தகட்டைக் கழற்றி, ஃபிலிமின் நாக்கை நீளமாக வெட்டி, கீழிருந்து செருக வேண்டும். ஃபோக்காவில் பின்பக்கம் முழுதாகக் கழன்று வரும், ஃபிலிம் போடும் இடம் கண்ணுக்கு நேரே இருக்கும். கிடைமட்டமாக ஓடும் துணி ஷட்டர் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடி ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் இரண்டு துணித் திரை) என்ற அடிப்படை மட்டும் லைக்காவோடு பொதுவானது. உடல், மவுண்ட் (லென்ஸ் பூட்டும் வாய்), லென்ஸ் எல்லாம் சொந்தச் சரக்கு. எனவே "பிரெஞ்சு லைக்கா" என்பது விற்பனைப் பேச்சு. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

லைக்கா பிரான்ஸுக்குள் எளிதில் வராத காலம் அது. அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. லைக்காவைச் செய்யும் லைட்ஸ் நிறுவனமே 1949 வாக்கில், அன்று பிரான்ஸின் பொருளாதார எல்லைக்குள் இருந்த ஸார் பகுதியில், சாங்க்ட் இங்பெர்ட் ஊரில் ஒரு கிளை வைத்து, பாகங்களைக் கொண்டுவந்து லைக்கா மூன்று-ஏ மாடலைப் பூட்டி விற்றது. அவற்றின் மேல் "மோந்தே ஆன் ஸார்", அதாவது ஸாரில் பூட்டப்பட்டது என்று பொறித்திருக்கும். சில நூறுதான் செய்தார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடுவதால் போலிப் பொறிப்புகளும் சந்தையில் உண்டு. அந்த வழியில் போகாதீர்கள். நல்ல 35 மி.மீ. கேமரா வேண்டும் என்ற பிரெஞ்சுக்காரருக்கு அன்று பெரும்பாலும் கிடைத்தது ஃபோக்காதான். கடற்படைக்குப் போனவையும் உண்டு. அவற்றில் கடற்படையின் பெயரே பொறித்திருக்கும்.

இனி நட்சத்திரக் கணக்கு. பி.எஃப். என்றால் பிரெஞ்சில் சிறு வடிவம் என்பதன் சுருக்கம். ஒரு நட்சத்திரம் பி.எஃப்.1: ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது, தூரத்தை மதிப்பிட்டு லென்ஸில் வைக்க வேண்டும். இரண்டு நட்சத்திரம் பி.எஃப்.2: ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு, ஆனால் 1 வினாடி, 1/2 வினாடி போன்ற மெதுவான வேகங்கள் இல்லை. மூன்று நட்சத்திரம் பி.எஃப்.3: இரண்டுமே உண்டு. இரண்டு நட்சத்திரத்திலேயே உட்பிரிவு இருக்கிறது. முதலில் வந்ததில் உச்ச வேகம் 1/500, பின்னால் வந்த பி.எஃப்.2 பி-யில் 1/1000. உங்களுக்கு வந்திருப்பது எது என்று டயலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று நட்சத்திரத்தில் பிற்காலத்தில் வந்த ஒன்றில் ஃபிலிமை நகர்த்தக் குமிழுக்குப் பதில் நெம்புகோல் இருக்கும்.

நட்சத்திர வரிசைக்கு வெளியே இருப்பது யூனிவர்ஸல். 1949 வாக்கில் வந்தது. பயன்படுத்த வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காரணம் லென்ஸ் மவுண்ட். நட்சத்திர மாடல்களில் லென்ஸ் 36 மி.மீ. விட்டமுள்ள மரையில் திருகும். லைக்காவின் மரை 39 மி.மீ. எனவே லைக்கா லென்ஸ் மட்டுமல்ல, அதே மரையைப் பின்பற்றிய கேனன், ஃபெட், ஸோர்க்கி லென்ஸ் எதுவும் இதில் ஏறாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: திருகு மவுண்டில் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்து ஓடுவது 50 மி.மீ. லென்ஸ் மட்டும். வேறு குவியத்தூர லென்ஸ் மாட்டினால் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தைப் படித்து, அந்த எண்ணை லென்ஸில் கையால் வைக்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸில் இது பரவாயில்லை. 135-இல் முகத்தை எடுத்தால் பாதி ரோல் மங்கலாக வரும். யூனிவர்ஸல் வேறொரு பயனெட் (செருகித் திருப்பிப் பூட்டும்) மவுண்டோடு வந்து இந்தக் குறையைத் தீர்த்தது. எல்லா லென்ஸும் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்தன. அதில் ஆர் என்று போட்டது நெம்புகோல் வந்த வகை. ஆர்.சி. என்றால் கூடவே வியூஃபைண்டருக்குள் படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிச்சட்டங்களும் உண்டு. திருகு லென்ஸும் பயனெட் லென்ஸும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாதவை. உடலைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் வாங்க நினைப்பவர்கள் இங்கேதான் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

லென்ஸ்கள் நன்றாகவே இருக்கும். ஒளியியல்தான் ஓ.பி.எல்.லின் உண்மையான தொழில். 50 மி.மீ. ஓப்லார் எஃப் 3.5-இலும் எஃப் 2.8-இலும் வந்தது (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது). ஓப்லாரெக்ஸ் எஃப் 1.9. அகலக் கோணத்துக்கு 35 மி.மீ. எஃப் 3.5 ஓப்லார், 28 மி.மீ. எஃப் 4.5 ஓப்லெக்ஸ். நீளத்துக்கு 90, 135 மி.மீ. டெலிஓப்லார்கள். உங்கள் இரண்டு நட்சத்திரத்தோடு 50 மி.மீ. எஃப் 3.5 வந்தால் குறைத்து எண்ண வேண்டாம். அந்தக் கேமராவோடு சரியாக ஒத்துப்போகும் லென்ஸ் அதுதான். 1 மீட்டரில் எஃப் 3.5-க்குக் கூர்மை ஆழம் சுமார் 8 செ.மீ., எஃப் 1.9-க்குச் சுமார் 4 செ.மீ. எழுபது வயதைத் தாண்டிய ரேஞ்ச்ஃபைண்டர் 8 செ.மீ.க்குள் விழுவது எளிது, 4 செ.மீ.க்குள் விழ வேண்டுமானால் யாராவது அதைச் சரிபார்த்திருக்க வேண்டும்.

இப்போது சோதனை. முதலில் ஷட்டர்.

பின்பக்கத்தைக் கழற்றுங்கள், லென்ஸையும் கழற்றுங்கள். இருட்டறையில் முன்பக்கத்திலிருந்து செல்பேசி டார்ச்சை அடித்து, பின்னாலிருந்து துணியைப் பாருங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டும்: ஷட்டர் ஏற்றாத (ஃபிலிமை நகர்த்தும் குமிழைச் சுழற்றாத) நிலையில் ஒரு முறை, ஏற்றிய நிலையில் ஒரு முறை. இரண்டு நிலையிலும் ஃபிலிமை மறைத்து நிற்பது வேறு வேறு திரை. ஒன்றை மட்டும் பார்த்து "துணி நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் விற்பனையாளர்கள் நிறைய. ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளி தெரிந்தால், படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ வரும். அகலமாக ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் வெயில் சுட்டது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸுக்கும் துணிக்கும் நடுவே கண்ணாடி கிடையாது. மூடி இல்லாமல் சூரியனைப் பார்த்து வைத்தால் சில வினாடியில் துணி பொசுங்கும்.

இரண்டு மூன்று ஊசித்துளைகள் என்றால் துணிக்கான கறுப்புச் சாயத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்து அடைக்கலாம். முழுத் துணியிலும் பூசாதீர்கள். பூச்சு தடித்தால் உருளையில் சுற்றும்போது விட்டம் கூடும், துணி விறைக்கும், வேகம் மாறும். துணி மடிப்பு மடிப்பாக வெடித்திருந்தால் பூச்சு வேலைக்கு ஆகாது, துணியையே மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு பல சமயம் கேமராவின் விலையைத் தாண்டும்.

அடுத்தது வேகம். திரைகள் 36 மி.மீ. தூரத்தைக் கடக்க 20 மில்லிவினாடி ஆவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிவினாடிக்கு 1.8 மி.மீ. 1/500 என்றால் இரண்டு திரைக்கும் நடுவே உள்ள இடைவெளி 3.6 மி.மீ., 1/1000 என்றால் 1.8 மி.மீ. முதல் திரை பழைய எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தின் கடைசியில் 1 மில்லிவினாடி பிந்தினால் என்ன ஆகும்? 1/1000-இல் இடைவெளியே மூடிக்கொள்ளும், படத்தின் ஒரு ஓரம் கறுப்பு. 1/500-இல் அந்த ஓரம் ஒரு ஸ்டாப் இருட்டு, அதாவது வெளிச்சம் பாதி. 1/50-இல் ஒன்றும் தெரியாது. ஆக, 1/50-இல் நன்றாக எடுக்கிறது என்பது ஷட்டர் நன்றாக இருப்பதற்குச் சான்று இல்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்பக்கம் திறந்த நிலையில், வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கேமராவைப் பிடித்து, உச்ச வேகத்தில் அழுத்துங்கள். நாலு மூலையும் சமமாக மின்னி மறைய வேண்டும். ஒரு பக்கம் இருண்டால் மேலே சொன்ன கோளாறு. மெதுவான வேகங்களுக்குச் செல்பேசியில் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் போதும். படச்சட்டத்தின் நடுப்புள்ளி எத்தனை ஃபிரேமில் வெளிச்சமாக இருக்கிறது என்று எண்ணுங்கள். 1/20 என்றால் 12 ஃபிரேம், 1/2 வினாடி என்றால் 120. 1/200-க்கு மேல் இந்த முறையை நம்பக் கூடாது, ஒரு ஃபிரேமே 4 மில்லிவினாடிக்கு மேல். அதற்கு ஃபோட்டோடயோட் என்ற ஒளி உணரி வைத்த சோதனைக் கருவி வேண்டும். 1/500 என்று எழுதியது 1/350-இல் ஓடினால் பதற வேண்டாம், நெகட்டிவ் ஃபிலிம் அரை ஸ்டாப்பைச் சமாளித்துக்கொள்ளும். சட்டம் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓரம் கறுத்தால் சிலர் உடனே ஸ்பிரிங்கை முறுக்கிவிடுவார்கள். வேகம் கூடும், சில மாதம் ஓடும், பிறகு பழைய கதை. உருளைகளின் இரு முனையிலும் உறைந்த எண்ணெயைச் சுத்தம் செய்து, மிகக் கொஞ்சமாகப் புது எண்ணெய் வைத்த பிறகும் பிந்தினால்தான் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். மூன்று நட்சத்திரத்திலும் யூனிவர்ஸலிலும் மெதுவான வேகங்களை நடத்தும் பல்சக்கரத் தொகுதி தனியாக இருக்கும். 1 வினாடியில் பாதியில் நின்றுபோவது அங்கே பிசின் பிடித்ததால். வெளியிலிருந்து எண்ணெய் சொட்டுவது மிகவும் தவறு. அது கசிந்து துணிக்கும் லென்ஸுக்கும் போகும்.

ஒரு பழக்கம்: இந்தத் தலைமுறைக் கேமராக்களில் முதலில் ஃபிலிமை நகர்த்தி ஷட்டரை ஏற்றுங்கள், பிறகு வேகத்தை வையுங்கள். ஏற்றாத நிலையில் டயல் காட்டும் எண் சரியாக இருக்காது. மாற்றி வைத்தால் சிலவற்றில் உள்ளே பின் நழுவும்.

ரேஞ்ச்ஃபைண்டர். அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு செங்குத்துக் கோட்டை, கோபுரமோ கம்பமோ, பார்த்து லென்ஸை இன்ஃபினிட்டியில் வையுங்கள். இரு பிம்பமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ரேஞ்ச்ஃபைண்டரில் கை வைக்கும் முன் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். முன்பு யாரோ கழற்றி, தகடு ஒன்றை மாற்றிப் போட்டுப் பூட்டியிருக்கலாம். பின்பக்கத்தில் பனிக்கண்ணாடித் துண்டை வைத்து, பி-யில் (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருக்கும் நிலை) ஷட்டரைத் திறந்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். கண்ணாடியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படச்சட்டத்துக்கு மேலும் கீழும் இரண்டு ஜோடித் தண்டவாளம் இருக்கும். ஃபிலிம் படிவது உள் ஜோடியில். வெளி ஜோடி கொஞ்சம் உயரம், அதில் அமர்வது அழுத்துத் தகடு. அகலக் கண்ணாடி வெளித் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டால் 0.1, 0.2 மி.மீ. பிழை வரும். அதை நம்பி நல்ல லென்ஸைக் கெடுத்துவிடுவீர்கள். கண்ணாடியை உள் ஜோடியில் மட்டும் படியும் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பிம்பம் மங்கலாக இருந்தால் உள்ளே உள்ள அரைவெள்ளிக் கண்ணாடி தேய்ந்திருக்கிறது. ஜன்னல்களில் தூசி மட்டும் என்றால் துடைத்தால் தீரும். ஆனால் அந்தக் கண்ணாடியைப் பஞ்சால் துடைக்கக் கூடாது, வெள்ளி அப்படியே பஞ்சோடு வந்துவிடும். ஊதுபந்து போதும். தேய்ந்ததற்குப் புதிதாக அரைவெள்ளித் தகடு வெட்டிப் போடலாம், பழையதன் தடிமனிலேயே.

லென்ஸில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது மூன்றைப் பிரித்தறியுங்கள். மெல்லிய பனிப்படலம்: துளை இதழ்களின் எண்ணெய் ஆவி, சுத்தம் செய்தால் போய்விடும். வேர் போலக் கிளைத்த நூல்: பூஞ்சை. கடலோர ஊர்களில் வைத்திருந்த லென்ஸில் இதை எதிர்பாருங்கள். பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும். ஓரத்தில் எண்ணெய்ப் பளபளப்போடு வட்டமாகத் தெரிவது: ஒட்டிய கண்ணாடிகள் பிரிவது, அதை விட்டுவிடுங்கள். அந்தக் காலப் பூச்சு மென்மையானது. சட்டைத் துணியால் துடைத்த நுண்கீறல்கள் முன்கண்ணாடியில் இல்லாத லென்ஸ் அபூர்வம். கொஞ்சம் கான்ட்ராஸ்ட் குறையும், ஒரு ஹூட் போட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

படம் எடுக்கும்போது: லென்ஸில் 4.5, 6.3, 9 என்ற பழைய வரிசை இருந்தால் ஒளிமானி சொல்லும் 5.6-க்கு 6.3 வையுங்கள், மூன்றில் ஒரு ஸ்டாப் வித்தியாசம்தான். டயலில் 1/60 இருக்காது, 1/50 வையுங்கள். தெருவில் எடுக்க, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8-இல் 10.5 மீட்டரில் ஃபோகஸை வைத்துவிட்டால் சுமார் 5.2 மீட்டரிலிருந்து எல்லையற்ற தூரம் வரை கூர்மை. எடுத்து முடித்தபின் ஷட்டரை இறக்கிவிட்டு வையுங்கள். ஃபிளாஷ் சாக்கெட் இல்லாவிட்டால் விற்பவர் ஏமாற்றவில்லை, ஆரம்ப காலக் கேமராக்கள் அப்படித்தான்.

பிறகு ஃபோக்காவுக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்பார்கள். இறக்குமதிச் சுவர் இருந்தவரை சொந்த மவுண்ட் ஒரு பலம். வாங்கியவர் அடுத்த லென்ஸையும் ஓ.பி.எல்.லிடமே வாங்கியாக வேண்டும். 1954-இல் லைக்கா எம்3 வந்தது. 1957-இல் ரோம் உடன்படிக்கை கையெழுத்தாகி ஜெர்மன் கேமராக்களுக்குக் கதவு திறக்கத் தொடங்கியது. பிரான்ஸுக்கு வெளியே பெரிதாக விற்காத ஒரு மவுண்ட் அப்போது பாரமாக மாறியது. ஓ.பி.எல். சும்மா இருக்கவில்லை. 1950களின் நடுவில் இதழ் ஷட்டரோடு மலிவான ஃபோக்கா ஸ்போர்ட் விட்டது, 1960-இல் மேலே முக்கோண மேடு இல்லாத, லென்ஸ் வழியே கண்ணாடி கொண்டு பார்க்கும் ரிஃப்ளெக்ஸான ஃபோக்காஃப்ளெக்ஸ் விட்டது. எதுவும் பெரிதாக ஓடவில்லை. 1964-இல் ஓ.பி.எல். லெவி நிறுவனத்தோடு இணைந்து சோபெலெம் ஆனது, ராணுவ ஒளியியலுக்கே திரும்பியது. கேமரா வரிசையும் அந்தப் பத்தாண்டிலேயே முடிந்தது.

உங்கள் கேமராவுக்கு வருவோம். 50 மி.மீ. ஓப்லார் கூடவே இருந்து, இரண்டு திரையும் டார்ச் சோதனையில் தேறி, உச்ச வேகத்தில் சட்டம் சீராக மின்னினால் வாங்குங்கள். லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் என்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த 36 மி.மீ. மரைக்குத் தனி லென்ஸ் தேடிப் பிடிப்பதற்குள் முழு செட்டின் விலை ஆகிவிடும். பேரம் பேசும்போது பின்பக்கத் தகட்டில் அடிபட்ட நெளிவு இருக்கிறதா, ஃபிலிம் சுற்றும் சுருள் உள்ளே இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். நெளிந்த தகடு வெளிச்சம் விடும், சுருள் தொலைந்தால் மாற்று எளிதில் கிடைக்காது.